கரையைக் கடந்த பிறகு

புயலைப் பற்றிய செய்திகளில் தவறாமல் வரும் ஒரு தொடர் உண்டு: "புயல் கரையைக் கடந்தது." சிறு வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்டவுடன் மனத்தில் ஒரு சுமை இறங்கும். வானொலியின் ஒலியைக் குறைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவோம். 2025 நவம்பரில் இலங்கையைத் தாக்கிய புயலுக்குப் பிறகு அந்தத் தொடரை என்னால் அப்படிக் கேட்க முடியவில்லை. அதைச் சொல்பவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார், யாருடைய அச்சம் முடிந்துவிட்டதென்று சொல்கிறார் என்ற கேள்வி பல மாதங்களாக என்னைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது இலங்கை மலைநாட்டில், புசல்லாவைக்கு மேலே, கொத்மலை நீர்த்தேக்கம் தூரத்தில் ஒரு தகடு போலத் தெரியும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என் அக்கா மட்டக்களப்புக்குத் தெற்கே கல்லாற்றில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக, நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம் அது. ஆண்டுதோறும் கார்த்திகை பிறந்தால் அவளை நினைத்து எனக்குத் தூக்கம் கெடும். வங்கக் கடலில் தாழமுக்கம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், உடனே தொலைபேசியை எடுப்பேன். அந்த நவம்பர் கடைசி வாரத்திலும் அப்படித்தான் செய்தேன். "பிள்ளைகளையும் மாமியையும் கூட்டிக்கிட்டு மேல வந்துருக்கா, மலைக்கு எந்தப் புயல் வரப் போகுது" என்று இரண்டு முறை சொன்னேன். இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போகும் எதையும்விட, அன்று நான் வாய்விட்டுச் சொன்ன அந்த வாக்கியமே என்னை அதிகம் உறுத்துகிறது.

புயல் கரையோரத்தாருக்கு உரியது என்ற எண்ணம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். என் பாட்டி குழந்தையாகத் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி மலைக்கு வந்தவர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அந்தத் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு அலையில் மூழ்கியது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், அக்டோபர் 30இல், எங்களைப் போன்ற மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். ஊர் ஊராகப் பெயர் பதியும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் வந்த அந்தச் செய்தியைப் பற்றிப் பாட்டி சொல்லும்போது, "வந்த வழியையும் கடல் எடுத்துக்கிருச்சு" என்பார். எங்கள் வீட்டில் புயல் என்ற சொல்லுக்கு அதுதான் படம். கடல், மணல், தண்டவாளம், அலை. மலை அந்தப் படத்தில் எங்குமே இல்லை.

மாமி சொன்ன இரண்டாவது காற்று

அக்காவின் மாமியார் 1978 நவம்பர் 23ஆம் தேதி இரவை மட்டக்களப்பில் கழித்தவர். அந்தச் சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் ஒன்றுவிடாமல் சாய்ந்து கிடந்ததை, ஒரே பக்கமாக வாரிவிட்ட தலைமயிர் போல இருந்தது என்று மாமி சொல்வார். அக்கா திருமணமாகிப் போன முதல் ஆண்டு நான் அங்கே விடுமுறைக்குப் போயிருந்தபோது, முற்றத்தில் மீன் துப்புரவு செய்தபடி அவர் அந்த இரவை எனக்குக் கதையாகச் சொன்னார். முதலில் ஒரு திசையிலிருந்து காற்று வந்து கூரைகளைப் பிய்த்தெறிந்ததாம். பிறகு ஒரேயடியாக ஓய்ந்துபோயிற்றாம். காது அடைத்தது போன்ற அமைதி. முடிந்துவிட்டதென்று நினைத்துச் சிலர் வெளியே வந்து மாடுகளைத் தேடினார்கள், பக்கத்து வீட்டைப் பார்க்கப் போனார்கள். அப்போதுதான் எதிர்த்திசையிலிருந்து இரண்டாவது காற்று அடித்தது. "மனே, முதல் காத்து ஓஞ்சாப்போல வெளிய போகாத. ரெண்டாங் காத்துதான் ஆள எடுக்கும்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

புயலின் கண் தலைக்கு மேல் கடந்துபோகும்போது அப்படி ஓர் அமைதி வரும் என்பதும், சுழலின் மறுபுறம் வந்து சேரும்போது காற்று திசை மாறி அடிக்கும் என்பதும் பின்னர் நான் மாணவர்களுக்குப் படிப்பித்த பாடங்கள். பாடமாகத் தெரிந்ததை மாமி உடம்பால் தெரிந்து வைத்திருந்தார். கரையோர மக்களிடம் இந்த வகை அறிவு நிறைய இருக்கிறது. 1978க்குப் பிறகும் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் அவர்கள் எந்தத் திசைக்கு ஓடுவது, எந்தக் கட்டடம் நிற்கும், எப்போது திரும்பி வரலாம் என்பதையெல்லாம் குழந்தைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்றுதான் நான் அன்று எண்ணியிருந்தேன்.

கலங்கி வந்த பீலி

நவம்பர் 26, 27 இரண்டு நாளும் மழை விடவில்லை. எங்கள் பக்கத்து மழை பொதுவாக மூடுபனியோடு சேர்ந்து நசநசவென்று நாள் முழுக்கத் தூறும். இது அப்படிப்பட்ட மழையாக இல்லை. தகரத்தின் மேல் கல்லைக் கொட்டுவது போல, இடைவெளியே இல்லாமல் கொட்டியது; பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் கத்த வேண்டியிருந்தது. மின்சாரம் போய்விட்டது. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி ஒன்று வந்தது, சிங்களத்தில். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான் என்பதால் நான் ஒவ்வொரு வீட்டு வாசல் இஸ்தோப்பாகப் போய் அதைத் தமிழில் சொன்னேன். பிரதேச செயலாளர் பிரிவுகளின் பெயர்களும் ஓர் எச்சரிக்கை நிலையின் எண்ணும் அதில் இருந்தன. "நம்ம மலையும் அதில இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்கள். பிரிவின் பெயர் இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. இந்தச் சரிவு, இந்த லயம், இந்த இரவு என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகலில் அக்காவின் அழைப்பு வந்தது. என் தொலைபேசியில் மின்னூட்டம் தீரும் தறுவாயில் இருந்தது. அவள் குரலில் அத்தனை நிம்மதி. "கரையைக் கடந்துட்டுதாம் தங்கச்சி. இங்க காத்து கொறைஞ்சிருச்சு. இனி பயமில்ல." நானும் கடவுளே என்று மூச்சுவிட்டேன். பக்கத்து வீடுகளில், அதாவது காம்பராக்களில், இருந்தவர்களுக்கும் அதையே சொன்னேன்: புயல் கரையைக் கடந்துவிட்டதாம், இனி மெல்லக் குறைந்துவிடும். சிலர் அடுப்பு மூட்டப் போனார்கள். கட்டி வைத்திருந்த துணி மூட்டையை ஒருவர் அவிழ்த்துக் கட்டிலில் போட்டதையும் பார்த்தேன்.

அப்போது கடைசிக் காம்பராவில் இருக்கும் பெரியம்மா கையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வாளியை என் முன் வைத்து, "பீலித் தண்ணியப் பாருங்க" என்றார். மலைத்தண்ணீர் வந்து விழும் குழாயான பீலி மழைக்காலத்தில் கலங்குவது புதிதல்ல என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. எங்கள் பீலிக்கு வரும் தண்ணீர் ஓடையிலிருந்து வருவதல்ல, மலைக்குள்ளிருந்து ஊறி வருவது. எத்தனை மழை பெய்தாலும் அது கண்ணாடி போலத்தான் இருக்கும் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வாளியில் இருந்தது கெட்டியான செம்மண் குழம்பு. "உள்ள மண்ணு நகருது. பீலி நின்னாலும் ஓடணும், கலங்கினாலும் ஓடணும்னு எங்கம்மா சொல்லும்" என்றார். அதோடு, காலையிலிருந்து தம் வீட்டுப் பின்கதவு சட்டத்தில் இறுகித் திறக்க மறுப்பதாகவும் சொன்னார். போய்ப் பார்த்தோம். கதவு உண்மையிலேயே சிக்கியிருந்தது. தரையில் சுவரோரமாக ஓடிய வெடிப்பில் என் விரல் நுழைந்தது.

அடுத்த அரைமணி நேரத்தை என்னால் ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்ல முடியவில்லை. புயல் போய்விட்டது என்று நான் சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இப்போது நானே ஓடச் சொன்னால் யார் நம்புவார்கள்? சிலர் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். பெரியம்மா யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். கீழே பாதைக்குப் போகாமல், பக்கவாட்டில், பள்ளிக்கூடம் இருக்கும் மேட்டை நோக்கி. அவர் நடந்ததால் மற்றவர்களும் நடந்தார்கள். பன்னிரண்டு காம்பரா லயம். கைக்குழந்தைகள், படுத்த படுக்கையாக ஒரு தாத்தா, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. தாத்தாவைக் கட்டில் பலகையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, லாரி கல் கொட்டுவது போல ஆரம்பித்து நீண்டுகொண்டே போன ஓர் ஓசை கேட்டது. பச்சை மண்ணின் வாசனை பள்ளிக்கூட அறைக்குள் வந்தது. விடிந்து பார்த்தபோது லயத்தின் கடைசி நான்கு காம்பராக்களும் மாட்டுக் கொட்டிலும் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் வேரோடு பிடுங்கப்பட்ட தேயிலைச் செடிகளும் கிடந்தன. மாடுகள் போய்விட்டன. ஆட்களில் ஒருவரும் போகவில்லை. பள்ளத்தாக்கின் மற்றப் பக்கங்களில் அப்படி முடியவில்லை என்பது எங்களுக்குத் தெரியவர நான்கு நாட்கள் பிடித்தது.

கடலே இல்லாத மாவட்டங்கள்

அந்தப் புயலுக்கு டித்வா என்று பெயர். ஏமன் நாடு கொடுத்த பெயர்; சொகோத்ரா தீவில் உள்ள ஒரு கடற்கழியின் பெயராம். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டங்களில் அதிக இறப்பு கண்டியில். பதுளையிலும் நுவரெலியாவிலும் இழப்பு மிகப் பெரிது. இந்த மூன்று மாவட்டங்களுக்கும் ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாது. கரையைக் கடப்பதே புயலின் உச்சம் என்றால் இந்தக் கணக்கு எப்படி வந்தது?

கரையைக் கடக்கும்போது புயல் இழப்பது காற்றின் வேகத்தை. சூடான கடல்நீர்தான் அதற்குத் தீனி. நிலத்துக்கு வந்ததும் அந்தத் தீனி நின்றுபோகிறது, காற்று தளர்கிறது. ஆனால் அது சுமந்துவந்த ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. அந்த ஈரக்காற்று மத்திய மலைகளில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. புயல் மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கொட்டுகிறது. டித்வா அப்படித்தான் ஊர்ந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவுகோல். அந்த நாட்களில் மலைநாட்டின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்தது. சரிவு ஆரம்பிப்பதும் மழையோடு ஒட்டியே நிகழ வேண்டும் என்றில்லை. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் பாறைத் தளத்தில் போய்த் தேங்கி, மண்ணைத் தூக்கிப் பிடித்து, அது வழுக்கும் வரை மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் காத்திருக்கும். ஆகவே, கரையில் காற்று ஓயும் நேரம் எங்கள் மலையில் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். மாமி சொன்ன அந்த ஏமாற்றும் அமைதி, நாடு முழுவதற்குமாக விரிந்து எங்கள் தலைக்கு மேல் நின்றிருக்கிறது. அதற்குள் நின்று நான் ஊராருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு முன்னும் நாம் பார்த்திருக்கிறோம், மறந்திருக்கிறோம். 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்களே, அந்த மழையைக் கொண்டுவந்தது ரோனு புயல். ரோனு இலங்கையின் கரையைக் கடக்கவேயில்லை. கிழக்குக் கரையோரமாகக் கடலிலேயே நகர்ந்துபோய், நான்கு நாள் கழித்து வங்காளதேசத்தில் கரையேறியது. அதன் வரலாற்றை எழுதுபவர்கள் கரையைக் கடந்த இடம் என்ற கட்டத்தில் வங்காளதேசத்தின் பெயரை எழுதுவார்கள். அரநாயக்க அந்தக் கட்டத்துக்குள் எங்கும் வராது.

மழையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் காட்டை வெட்டி வெளியாக்கிய சரிவுகள் இவை. வெட்டியவர்கள் ஒன்றைச் செய்தார்கள்: தேயிலை மலைகளில் குறுக்கே கான் என்னும் வாய்க்கால் வெட்டி, மழைத்தண்ணீரை ஒழுங்காகப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் விட்டார்கள். கான் வெட்டு என்பது எங்கள் அப்பா காலத்தில் ஆண்களுக்கு ஆண்டு முழுவதும் இருந்த வேலை. அப்பா ஒரு கானை வெட்டி முடித்ததும் அதில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எங்கும் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்ப்பார். எங்கள் லயத்துக்கு மேலே இருந்த மலையில் கான்கள் இன்று மண்மூடிப் புல் முளைத்துக் கிடக்கின்றன. ஆட்களைக் குறைத்தபோது முதலில் நிறுத்தப்பட்ட வேலைகளில் அதுவும் ஒன்று. தண்ணீர் போக வழி தெரியாமல் மண்ணுக்குள் இறங்கியது. அதற்குக் கீழே, நூறாண்டுக்கு முன் யாரோ குறித்துக் கொடுத்த இடத்தில், நாங்கள் இருந்தோம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களில் ஒருவருக்கும் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும், 2005லும் 2011லும் வெளியேறச் சொல்லி எச்சரித்திருந்தோம் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. வெளியேறு என்று சொல்வது எளிது. எங்கே என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது எச்சரிக்கை. ஏழு பேர்ச்சஸ் அளவுள்ள சிறு வீட்டுக் காணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஒருவரிடம், உன் இடம் ஆபத்தானது, வேறு இடம் போ என்று சொன்னால் அவர் எந்தப் பக்கம் நடப்பார்?

நிவாரணப் படிவங்கள் வந்தபோது இதே கேள்வி வேறு உருவில் வந்தது. துப்புரவுக்கான 25,000 ரூபாய் பற்றிப் பெரிய சிக்கல் எழவில்லை. வீடு இழந்தவர்களுக்கான படிவத்தில் காணியின் உரிமையாளர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நான்கு குடும்பங்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களுடைய பாட்டன் பிறந்த காம்பரா அது. அந்தக் கோட்டின் மேல் எழுத அவர்களுக்குத் தங்கள் பெயர் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு "மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்" என்று எழுதிக் கொடுத்தேன். அது ஏற்கப்படுமா என்று இன்னும் பதில் வரவில்லை.

அக்கா வந்தபோது

தொலைபேசிக்கு உயிர் வந்த நாளில் முதலில் அக்காவை அழைத்தேன். அவள் நான்கு நாளும் எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல், கண்டிப் பக்கத்துப் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். என் குரலைக் கேட்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான்தானே பயமில்லன்னு சொன்னேன்." அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். நானும்தான் அதை எல்லாருக்கும் சொன்னேன் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோதுதான் சொன்னேன். இருவரும் சரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம். மலை முகத்தில் ஒரு பெரிய சிவப்புக் காயம். அவள் கடலோரத்தில் இருபது ஆண்டு வாழ்ந்தவள், கொஞ்ச நேரம் கழித்து, "கடல்னா வருதுன்னு கண்ணுக்குத் தெரியும். இதுல எதைப் பாக்குறது?" என்று கேட்டாள்.

பெரியம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தற்காலிகக் கொட்டகையில் இருக்கிறார். பழைய பீலி மண்ணுக்கடியில் போய்விட்டது. ஊற்று இருபது அடி தள்ளிப் புதிய இடத்தில் கிளம்பியிருக்கிறது. அதில் ஒரு குழாய்த் துண்டைச் செருகிப் புதுப் பீலி ஆக்கியிருக்கிறார்கள். தினமும் காலையில் ஒரு கண்ணாடிப் போத்தலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பள்ளிக்கூட ஜன்னல் விளிம்பில் வைப்பது அவர் வழக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் தேதி எழுதிய தாளை ஒட்டி, அன்றைய மழையையும் ஒரு கொப்பியில் குறிக்கிறார்கள். ஏழு போத்தல்கள் வரிசையாக நிற்கும். எட்டாவது நாள் முதல் போத்தலைக் கழுவி மீண்டும் நிரப்புவார்கள். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏழும் தெளிவாக இருந்தன. ஊருக்குப் போன பிறகும் காலையில் அழைத்தால் முதலில் அதைத்தான் கேட்கிறாள், முன்பு நான் அவளிடம் கடலைப் பற்றிக் கேட்டது போல.

போன செவ்வாய்க்கிழமைப் போத்தலில் மட்டும் அடியில் ஒரு விரற்கடை மண் படிந்திருந்தது. அன்று இரவு மேற்பிரிவில் யாரும் வீட்டில் படுக்கவில்லை.